திரைப்பட விமர்சனமும் முதல் நாள் தீர்ப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

விமர்சனம் என்றதும் கவிதை, நாவல், நாடகம் ஆகியன பற்றிய விமர்சனமே பல்கலைக்கழக வட்டாரங்களில் நினைவுக்கு வருவது வழக்கம். புதிதாகத் திரையிடப்பட்ட படமொன்றைப் பற்றி நாளிதழின் மூலையில் முந்நூறு நானூறு சொற்களில் எழுதப்படும் அபிப்பிராயத்தை விமர்சனம் என்று கொள்வதற்கே பலர் தயங்குவர். அவசரத்தில் எழுதப்படுவது, ஆழமற்றது, மறுநாளே மறக்கப்படுவது என்பன அதன்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுகள். இவை முற்றிலும் பொய்யானவை அல்ல. ஆயினும் இக்குறிப்புகளை எழுதியோரின் அவசரம் அவர்தம் தனிப்பட்ட குணக்கேடா, அன்றி அவர்கள் இயங்கிய தொழிலின் இயல்பிலிருந்து பிறந்ததா என்ற வினாவை எழுப்பியவர் குறைவு. திரைப்பட விமர்சனத்தின் வரலாற்றை நோக்குமிடத்து இரண்டாவதே உண்மை என்பது புலனாகும்.

இங்கு ஓர் அடிப்படை வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. அச்சேறிய நூல் நூலகத்தில் இருக்கும். இன்று அதனை இகழ்ந்தவர் பத்தாண்டு கழித்து மீண்டும் எடுத்துப் படிக்கலாம். அவரது பிள்ளைகளும் படிக்கலாம். திரைப்படத்துக்கு அத்தகைய வசதி நெடுங்காலமாக இருக்கவில்லை. வீடுகளிற் படம் பார்க்கும் சாதனங்கள் பரவும் வரை, படமாளிகையிலிருந்து எடுக்கப்பட்ட படம் பெரும்பாலான மக்களின் பார்வையிலிருந்தே எடுக்கப்பட்டதாயிற்று. ஆகவே நூலைப் பற்றிய அவசர அபிப்பிராயம் நூலுக்கு ஏற்படுத்தக்கூடிய கேட்டைவிட, படத்தைப் பற்றிய அவசர அபிப்பிராயம் படத்துக்கு ஏற்படுத்தக்கூடிய கேடு பெரிது. முதல் தீர்ப்புக்குப் பின் இரண்டாவது தீர்ப்புக்கு இடம் இருந்ததா என்பதே ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

சினிமா பிறந்த மறு ஆண்டிலேயே அதைப் பற்றிய உடனடி அபிப்பிராயமும் பிறந்துவிட்டது. 1896 யூலையில் ரஷ்யாவின் நிஷ்னி நொவ்கொரொட் நகரில் நடந்த கண்காட்சியில் லூமியேர் சகோதரரின் படங்களைப் பார்த்த மாக்சிம் கோர்க்கி, உள்ளூர்ப் பத்திரிகையொன்றிற் புனைபெயரில் அதுபற்றி எழுதினார். ஓசையுமின்றி நிறமுமின்றி அசையும் அவ்வுருவங்கள் அவரை வியப்பிலும் பார்க்கக் கலக்கத்திலேயே ஆழ்த்தின. இச்சாதனம் மலினமான கேளிக்கைக்குப் பயன்படுத்தப்படும் என்பதையும் அவர் அன்றே ஊகித்திருந்தார். ஆனால் அது ஒரு கண்டுபிடிப்பைப் பற்றிய கருத்தே அன்றி ஒரு படத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று. தனித்தனிப் படங்களுக்குத் தீர்ப்பு வழங்கும் வழக்கம் வர மேலும் பத்தாண்டுகள் சென்றன.

அது வந்த இடமும் வந்த விதமும் இக்கட்டுரையின் வாதத்துக்கு முக்கியமானவை. அமெரிக்காவில் 1905 ஆம் ஆண்டின் பின்னர் ஐந்து சதக் கட்டணத்தில் படங் காட்டும் சிறு கொட்டகைகள் நகரங்கள் தோறும் பெருகின. படங்கள் ஒரு சுருள் அளவினவாகவே இருந்தன. நிகழ்ச்சி வாரத்திற் பல முறை மாற்றப்பட்டது. நாள்தோறும் மாற்றிய கொட்டகைகளும் பல. இத்தகைய நிலையில், எந்தப் படத்தை வாடகைக்கு எடுப்பது என்பது கொட்டகைக்காரருக்குப் பெரும் பிரச்சினை ஆயிற்று. 'வெறைற்றி' என்னும் அரங்கத் தொழிற் பத்திரிகை 1907 ஜனவரியிற் படங்களைப் பற்றிக் குறிப்பு எழுதத் தொடங்கியது. 1908 இல் 'நியூ யோர்க் டிராமற்றிக் மிரர்' பத்திரிகையில் பிராங்க் வூட்ஸ் என்பவர் ஒழுங்காகப் படக் குறிப்புகள் எழுதலானார். (இவரே பின்னர் டி. டபிள்யூ. கிரிபித்தின் 'ஒரு தேசத்தின் பிறப்பு' படத்தின் திரைக்கதையிலும் பங்குகொண்டார். விமர்சகனுக்கும் தொழிலுக்கும் இடையே மதில் எதுவும் அக்காலத்தில் எழுப்பப்படவில்லை.) ஆகவே திரைப்பட விமர்சனம் தொடக்கத்தில் இரசிகனை நோக்கிப் பேசவில்லை, வியாபாரியை நோக்கியே பேசிற்று. நாளைக்கு எடுத்துவிடப்படும் படத்தைப் பற்றி நாளை மறுநாள் எழுதிப் பயனில்லை. வேகம் என்பது விமர்சகனின் தெரிவு அன்று. அது சந்தையின் கட்டளை.

படங்கள் நீண்டு, படமாளிகைகள் பெருத்து, நடுத்தர வகுப்பினர் சினிமாவுக்கு வரத் தொடங்கியதும் இக்குறிப்பு தொழிற் பத்திரிகையிலிருந்து பொதுப் பத்திரிகைக்குப் பெயர்ந்தது. இங்கிலாந்தில் சி. ஏ. லெஜூன் 1922 இல் 'மான்செஸ்டர் கார்டியன்' பத்திரிகையில் வாரந்தோறும் சினிமா பற்றி எழுதலானார். 1928 முதல் 1960 வரை 'ஒப்சேவர்' வார ஏட்டின் விமர்சகராக அவரே விளங்கினார். அதே காலத்தில் 'ஸ்பெக்ரேற்றர்', 'டெய்லி மெயில்' ஆகியவற்றில் எழுதிய ஐரிஸ் பாரி, 1925 இல் இலண்டனிற் பிலிம் சொசைற்றி தோன்ற உழைத்தவர்களுள் ஒருவர். பின்பு அமெரிக்கா சென்ற அவர், 1935 இல் நியூ யோர்க் நவீன கலை அரும்பொருளகத்தின் திரைப்பட நூலகத்துக்கு முதற் பொறுப்பாளரானார். வாரந்தோறும் அவசரத் தீர்ப்பு எழுதிய ஒருவரே பழைய படங்களைச் சேமித்து வைக்கும் பணிக்கு முன்னோடியானமை தற்செயலானது எனக் கொள்வதற்கில்லை. படம் மறைந்துவிட்டால் மறு பரிசீலனைக்கு வழியில்லை என்பதை அப்பக்கங்களை எழுதியோரே மற்றவரிலும் நன்கறிந்திருப்பர்.

பொதுப் பத்திரிகைக்குப் பெயர்ந்ததும் உடனடி அபிப்பிராயத்தின் சமூகப் பணியும் மாறிற்று. இப்போது அது ரிக்கற் வாங்குபவனின் பக்கத்தில் நின்றது; அன்றேல் நிற்க வேண்டியதாயிற்று. படத் தயாரிப்பு நிறுவனங்கள் விளம்பரத்துக்குப் பெரும் பணம் செலவிட்டன. ஒவ்வொரு படமும் உலகின் ஒப்பற்ற படைப்பு என்று சுவரொட்டிகள் முழங்கின. அம்முழக்கத்துக்கு எதிராகச் சாதாரண மனிதனுக்குக் கிடைத்த ஒரே சாட்சியம், படத்தை முன்கூட்டியே பார்த்து வந்த ஒருவரது சில வரிகளே. இதனை மறந்துவிட்டு உடனடி விமர்சனத்தை இகழ்தல் நியாயமாகாது. அச்சில வரிகளை எழுதுவதும் ஆபத்தற்ற செயலாக இருக்கவில்லை. இலண்டனில் 1937 இல் 'நைற் அன்ட் டே' என்னும் வார இதழில் நாவலாசிரியர் கிரஹாம் கிறீன், குழந்தை நட்சத்திரமான ஷேர்லி ரெம்பிள் நடித்த 'வீ வில்லி விங்கி' படத்தை விமர்சித்தபோது, அச்சிறுமியின் கவர்ச்சி நடுத்தர வயது ஆடவரை நோக்கியே அமைக்கப்பட்டுள்ளது என்ற கருத்தை வெளியிட்டார். படத்தைத் தயாரித்த ருவென்ரியத் செஞ்சரி பொக்ஸ் நிறுவனமும் சிறுமியின் தரப்பினரும் வழக்குத் தொடுத்தனர். 1938 இல் 3,500 பவுண் இழப்பீடு வழங்கப்பட்டது. அதற்கு முன்னரே இதழ் நின்றுபோயிருந்தது.

எனினும், விளம்பரத்துக்கு எதிரான ஆயுதமாக விளங்கிய அதே அவசரம் கலைஞனுக்கு எதிரான ஆயுதமாகவும் மாறியது. இதற்குச் சான்றுகள் பல.

1939 யூலையிற் பாரிஸ் நகரில் ஜோன் றெனுவாவின் 'ஆட்டத்தின் விதிகள்' திரையிடப்பட்டது. பிரெஞ்சு மேல்தட்டு வர்க்கத்தின் பொய்ம்மையை விருந்தும் வேட்டையுமாகச் சித்திரித்த அப்படத்தை முதற் காட்சிக்கு வந்தோர் கூச்சலிட்டு எதிர்த்தனர். போர் மூளவிருந்த வேளையில் தம் முகத்தைத் தாமே கண்ணாடியிற் காண அவர்கள் விரும்பவில்லை எனலாம். கலங்கிப்போன றெனுவா, எங்கெங்கு கூச்சல் எழுந்ததோ அங்கங்கு படத்தை வெட்டினார்; வெட்டியும் பயனில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரசு அதைத் தடைசெய்தது. போர்க்காலக் குண்டுவீச்சில் மூலப் பிரதியும் அழிந்தது. ஆனாற் சிதறிக் கிடந்த சுருள்களைத் தேடி எடுத்த இருவர் அதனை ஏறத்தாழ முழுமையாக மீள இணைத்தனர். 1959 இல் அது மீண்டும் உலகின் முன் வந்தது. 1962 இல் 'சைற் அன்ட் சவுண்ட்' சஞ்சிகை விமர்சகர்களிடம் நடத்திய கணிப்பில், உலகின் மிகச் சிறந்த படங்களுள் மூன்றாவது இடம் அதற்குக் கிடைத்தது. 

ஓர்சன் வெல்ஸின் 'மக்னிபிசன்ட் அம்பர்சன்ஸ்' படத்துக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. 1942 மார்ச்சிற் கலிபோர்னியாவின் பொமோனா நகரில் நடந்த ஒரே இரவின் முன்னோட்டக் காட்சியிற் பார்வையாளர் அட்டைகளில் எழுதிய அபிப்பிராயங்களைக் கண்டு அஞ்சிய ஆர்.கே.ஓ. நிறுவனம், இயக்குநர் பிரேசிலில் இருந்த வேளையில் நாற்பது நிமிடத்துக்கு மேற்பட்ட பகுதியை வெட்டி, 88 நிமிடப் படமாக வெளியிட்டது. வெட்டிய பகுதி பின்னர் அழிக்கப்பட்டது. இன்று எத்தனை ஆராய்ச்சியாளர் முயன்றாலும் அந்த அட்டைகளின் தீர்ப்பை மேன்முறையீடு செய்ய இயலாது.

பத்திரிகை விமர்சகர்களின் கூட்டுத் தீர்ப்பு எத்தகைய விளைவை உண்டாக்கக்கூடும் என்பதை நன்கு விளக்குவது 1960 இல் இலண்டனில் நிகழ்ந்த சம்பவமாகும். மைக்கல் பவல் அப்போது இங்கிலாந்தின் முன்னணி இயக்குநருள் ஒருவர். எமரிக் பிரெஸ்பேர்கருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'கேணல் பிளிம்ப்' (1943), 'பிளாக் நார்சிசஸ்' (1947), 'ரெட் ஷூஸ்' (1948) ஆகியன அந்நாட்டுச் சினிமாவின் பெருமைகளாக எண்ணப்பட்டவை. 1960 ஏப்ரலில் அவர் தனித்து இயக்கிய 'பீப்பிங் டொம்' வெளிவந்தது. திரைப்பட ஒளிப்பதிவுத் துறையில் உதவியாளனாக வேலை செய்யும் இளைஞன் ஒருவன், கமராவின் முக்காலியில் மறைத்து வைத்த கூர்முனையாற் பெண்களைக் கொன்று, சாகும் தறுவாயில் அவர்தம் முகத்தில் எழும் அச்சத்தைப் படம்பிடிக்கிறான். சிறுவனாயிருந்தபோது அவனது தந்தையே அவனை அச்சுறுத்தி, அதனை ஆய்வுக்கெனப் படம்பிடித்தவர். தந்தையாகத் தோன்றியவர் பவல். சிறுவனாகத் தோன்றியவன் அவரது சொந்த மகன். பார்ப்பது என்ற செயலிலேயே ஒரு வன்மம் மறைந்திருக்கிறது, இருட்டில் அமர்ந்து பிறர் துன்பத்தைப் பார்க்கும் இரசிகனும் அதற்குப் புறம்பானவன் அல்லன் என்பது படத்தின் உட்பொருள்.

அவ்வாறாயின் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட விமர்சகரை அது எங்ஙனம் தாக்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இலண்டன் பத்திரிகைகள் அநேகமாக ஒரே குரலில் அருவருப்பைக் கொட்டின. 'றிபியூன்' இதழின் விமர்சகர், படத்தை வாரிக் கொண்டுபோய் அருகிலுள்ள சாக்கடையிற் கொட்டிவிடலாம் என்ற கருத்துப்பட எழுதினார். 'சண்டே ரைம்ஸ்' பத்திரிகையில் 1939 முதல் எழுதிவந்தவரும் பெருமதிப்புக்குரியவருமான டிலிஸ் பவல் (இவர் இயக்குநருக்கு உறவினர் அல்லர்) அவரும் கண்டித்தார். விநியோக நிறுவனமான ஆங்கிலோ அமல்கமேற்றட் படத்தை விரைவில் ஒதுக்கிவிட்டது. மைக்கல் பவலுக்கு அதன்பின் இங்கிலாந்தில் முன்போல வாய்ப்புகள் கிடைக்கவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் படமெடுத்தது அவுஸ்திரேலியாவில்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பலர் விமர்சகர்களின் பேனாவே ஒரு கலைஞனைக் கொன்றது என்று முடித்துவிடுவர். அது அரை உண்மை. பேனா குற்றஞ்சாட்டியது, தண்டனையை நிறைவேற்றியது விநியோகம். கண்டனங்களைக் கண்டபின்னும் படத்தை ஓட விட்டிருந்தால், மக்களிற் சிலராவது வேறு அபிப்பிராயம் கொண்டிருக்கக்கூடும். அதே ஆண்டு யூனில் நியூ யோர்க்கில் வெளியான ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' இதற்கு நல்ல ஒப்பீடாகும். அதுவும் மனம் பிறழ்ந்த கொலைஞனின் கதையே. ஹிட்ச்கொக் விமர்சகருக்கென முற்காட்சி எதனையும் நடத்தவில்லை. பொதுமக்களோடு மக்களாக வரிசையில் வந்து பார்க்குமாறு அவர்கள் விடப்பட்டனர். படம் தொடங்கியபின் எவருக்கும் அனுமதி இல்லை என்ற அறிவிப்பே பெரும் விளம்பரமாயிற்று. முதற் குறிப்புகள் பல சாதகமாக இருக்கவில்லை. மக்கள் கூட்டமோ குறையவில்லை. 'நியூ யோர்க் ரைம்ஸ்' விமர்சகரான பொஸ்லி குரோதர் முதலில் அதனைக் குறைத்து மதிப்பிட்டார். ஆண்டிறுதியில் வெளியிட்ட சிறந்த பத்துப் படங்களின் பட்டியலில் அதனைச் சேர்த்துக்கொண்டார். ஆறு மாதம் படம் மக்களிடையே இருந்தமையால் வந்த மாற்றம் அது. 'பீப்பிங் டொம்' படத்துக்கு ஆறு வாரமும் கிட்டவில்லை.

பொஸ்லி குரோதர் அவ்வாறு மனம் மாறியவர் என்பது அடுத்து வரும் சம்பவத்தை மேலும் துயரமுடையதாக்குகிறது. 1940 முதல் அப்பத்திரிகையின் தலைமைத் திரைப்பட விமர்சகராக விளங்கியவர் அவர். இத்தாலிய, பிரெஞ்சுப் படங்களை அமெரிக்க மக்களுக்கு அறிமுகம் செய்வதில் முன்னின்றவர். றொசலினியின் 'அற்புதம்' தடைசெய்யப்பட்டபோது தணிக்கையை எதிர்த்து எழுதியவர். அவ்வழக்கில் 1952 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே அந்நாட்டில் திரைப்படத்துக்குப் பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்பைப் பெற்றுத் தந்தது. இத்தகைய ஒருவரே 1967 ஓகஸ்டில் ஆர்தர் பென் இயக்கிய 'பொனி அன்ட் கிளைட்' படத்தின் பிரதான எதிரியானார்.

முப்பதுகளின் பொருளாதார மந்த காலத்தில் வங்கிகளைக் கொள்ளையிட்ட இளம் சோடியின் கதை அது. நகைச்சுவையும் இரத்தமும் அதில் ஒன்றையொன்று தழுவிக் கிடந்தன. அந்தக் கலப்பே குரோதருக்குச் சினமூட்டிற்று. வன்முறையைக் கேளிக்கையாக்கும் செயலாகவே அவர் அதனைக் கண்டார். முதற் குறிப்போடு நில்லாமல் மீண்டும் மீண்டும் எழுதினார். வார்னர் நிறுவனத்துக்கும் படத்திற் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. சாதாரண நிலையில், கதை இத்துடன் முடிந்திருக்கும்.

முடியவில்லை. முதலில் மறுப்பு வந்தது வாசகர்களிடமிருந்து. குரோதரை எதிர்த்துக் கடிதங்கள் அப்பத்திரிகைக்கே வந்து குவிந்தன. பத்திரிகையும் அவற்றை வெளியிட்டது. அடுத்து நிகழ்ந்தது விமர்சன வரலாற்றில் அபூர்வமானது. 'நியூஸ்வீக்' இதழில் ஜோ மோர்கன்ஸ்ரேன் படத்தைக் கண்டித்து எழுதியிருந்தார். எழுதியபின் சாதாரண படமாளிகையொன்றிற் பொதுமக்கள் நடுவே அமர்ந்து அவர் அதனை மீண்டும் பார்த்தார். அடுத்த இதழிலேயே தமது முந்தைய கருத்துப் பிழையானது என ஒப்புக்கொண்டு புதிய விமர்சனம் எழுதினார். ஒரு வார இடைவெளியில் ஒருவர் தமது தீர்ப்பைத் தாமே தள்ளுபடி செய்தார்! அவசரம் அவரது முதற் கருத்தைக் கெடுத்தது எனின், அதே அவசரம் இரண்டாவது கருத்தை உடனே அச்சேற்றவும் உதவிற்று என்பதையும் குறிப்பிட வேண்டும். பத்திரிகையாளர் மட்டும் குழுமியிருக்கும் முற்காட்சிக்கும் மக்கள் நிறைந்த மண்டபத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கு தெளிவாகின்றது. சிரிப்பும் திடீர் மௌனமும் படத்தின் பகுதியாக இருந்தன. முதன்முறை பார்த்தபோது அவை அவருக்குக் கிடைக்கவில்லை.

1967 ஒக்ரோபர் 21 ஆம் திகதிய 'நியூ யோர்க்கர்' இதழில் போலீன் கேலின் கட்டுரை வெளிவந்தது. ஏறத்தாழ ஏழாயிரம் சொற்கள். வேறோர் இதழ் ஏற்க மறுத்த கட்டுரை அது. படம் வெளியாகி இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்தபின் வந்த அந்நீண்ட ஆய்வு, அமெரிக்கக் குற்றவாளிப் படங்களின் மரபில் இப்படத்தை வைத்து நோக்கி, பார்ப்போரின் குற்ற உணர்வை அது எவ்வாறு கிளறுகிறது என விளக்கிற்று. டிசெம்பரில் 'ரைம்' சஞ்சிகை தன் முந்தைய ஏளனத்தை மறந்து இப்படத்தையே அட்டையிற் போட்டது. கதாநாயகனும் தயாரிப்பாளருமான வாரன் பீற்றியின் விடாப்பிடியால் வார்னர் நிறுவனம் படத்தை மீண்டும் பரவலாகத் திரையிட்டது. ஒஸ்காருக்குப் பத்துப் பரிந்துரைகள் பெற்று இரண்டு விருதுகளை அது வென்றது. குரோதரின் இடத்தில் 1968 தொடக்கத்தில் றெனாற்றா அட்லர் அமர்ந்தார். போலீன் கேல் 'நியூ யோர்க்கர்' இதழின் நிரந்தர விமர்சகரானார்.

இவ்விரு சம்பவங்களிலும் முதற் தீர்ப்பின் கடுமை ஏறத்தாழ ஒன்றே. விளைவு வேறு. இலண்டனிற் படத்தைக் காக்க வலிமையுள்ள எவரும் முன்வரவில்லை, விமர்சகருக்குள் பிளவும் இல்லை, படமும் இல்லை. நியூ யோர்க்கிற் செல்வாக்குள்ள ஒரு நடிகர் இருந்தார். ஒன்றுடன் ஒன்று போட்டியிடும் பல ஏடுகள் இருந்தன. எல்லாவற்றிலும் மேலாக, அறுபதுகளின் இளந்தலைமுறை ஒன்று படமாளிகைக்கு வந்துகொண்டிருந்தது. வியற்நாம் போரின் படங்களை நாள்தோறும் தொலைக்காட்சியிற் பார்த்த அத்தலைமுறைக்கு, திரையில் இரத்தம் காட்டலாகாது என்ற குரோதரின் ஒழுக்கவியல் பொருந்தவில்லை. ஆகவே கேலின் கட்டுரை தனியே நின்று வென்றது என்பது மிகை. படம் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது அது வந்தது என்பதே அதன் பலம்.

அந்தத் தூரம் பின்னர் விரைவாகக் குறுகிற்று. 1975 யூனில் 'ஜோஸ்' படம் தொலைக்காட்சி விளம்பரப் பெருக்கோடு நானூறுக்கு மேற்பட்ட படமாளிகைகளில் ஒரே நாளில் திரையிடப்பட்டது. ஒரு நகரிலிருந்து மறு நகருக்கு மெல்லப் பரவும் பழைய முறை படிப்படியாகக் கைவிடப்பட, முதல் வார இறுதி வசூலே படத்தின் தலைவிதி என்றாயிற்று. ஒக்ரோபரில் வரும் ஏழாயிரம் சொற்கள் ஓகஸ்டில் வந்த படத்தைக் காப்பாற்றும் காலம் அத்துடன் மறையலாயிற்று. சொற்களுக்குப் பதிலாகக் குறிகள் செல்வாக்குப் பெற்றதும் இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கது. நட்சத்திரக் குறி புதியதன்று. நியூ யோர்க் 'டெய்லி நியூஸ்' 1928 இலேயே அதனைப் புகுத்தியிருந்தது. பிரான்சில் 'கையே து சினிமா' போன்ற கனதியான சஞ்சிகையும் 1955 இல் பத்துப் பேரின் மதிப்பீட்டு அட்டவணையைத் தொடங்கிற்று. தமிழகத்தில் 'ஆனந்த விகடன்' படங்களுக்குப் புள்ளி வழங்கியது. 1977 இல் வெளியான '16 வயதினிலே' 62.5 புள்ளிகள் பெற்றமை இன்றும் பேசப்படுகிறது. (அரைப் புள்ளியையும் விட்டுவிடாத இக்கணக்கு, பரீட்சையிலேயே பிள்ளைகளின் வாழ்வைத் தொங்கவிட்ட சமூகமொன்றுக்கு இயல்பானதே.) சிக்காகோவில் 1975 இல் ஜீன் சிஸ்கெல், றொஜர் ஈபேர்ட் என்னும் இரு பத்திரிகை விமர்சகர்கள் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சி, பின்னர் பெருவிரலை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாகிய தீர்ப்பில் வந்து முடிந்தது. 1979 முதல் 'சினமாஸ்கோர்' என்னும் நிறுவனம் முதல் நாள் இரசிகரிடமே எழுத்துத் தரம் கேட்டுப் பதியலாயிற்று. 1998 இல் இணையத்திற் பிறந்த 'றொட்டன் ரொமாற்றோஸ்' நூற்றுக்கணக்கான விமர்சனங்களை ஒரு வீதமாகச் சுருக்கியது. அவ்வீதம் படத்தின் தரத்தைக் குறிப்பதன்று. சாதகமாக எழுதியோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதையே குறிப்பது. நூறு பேர் 'பரவாயில்லை' என்று சொன்னாலும் நூறு வீதந்தான்.

குறிக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. குரோதரின் கண்டனத்தில் ஒரு காரணம் இருந்தது. காரணம் இருந்தமையால் வாசகர் அதை மறுக்க முடிந்தது. அவரது ஒழுக்கவியலை மற்றொரு ஒழுக்கவியலால் எதிர்கொள்ள முடிந்தது. மோர்கன்ஸ்ரேனும் தமது எந்தக் கருத்துத் தவறு என்று சுட்டிக்காட்டி அதனை மீளப்பெற முடிந்தது. ஒன்றரை நட்சத்திரத்தோடு எவராலும் வாதிட இயலாது.

இலண்டனில் மேன்முறையீடு மிகத் தாமதமாகவே வந்தது. அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்சேசியின் முயற்சியால் 1979 இல் 'பீப்பிங் டொம்' நியூ யோர்க்கில் மீண்டும் காட்டப்பட்டது. மெல்ல மெல்ல அதன் மதிப்பு உயர்ந்தது. 1994 இல், தொண்ணூறு வயதைக் கடந்திருந்த டிலிஸ் பவல், அதே 'சண்டே ரைம்ஸ்' பத்திரிகையில் அப்படத்தைப் பற்றி மீண்டும் எழுதித் தமது பழைய தீர்ப்பை மீட்டுக்கொண்டார். முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்றிருந்தன. மைக்கல் பவல் 1990 இல் இறந்துவிட்டார்.

ஈழத்துச் சூழலில் இப்பிரச்சினை வேறொரு வடிவம் கொண்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' 1956 இறுதியில் வெளிவந்தபோது வசூலில் தோல்வி கண்டது. எனினும் 1957 இல் கான் திரைப்பட விழாவிற் பங்குபற்றியமையும் விமர்சகர்களின் ஆதரவும் அதனை மறதியிலிருந்து காத்தன. தமிழ்ப் படமான 'பொன்மணி'க்கு அத்தகைய கேடயம் இருக்கவில்லை. காவலூர் இராசதுரையின் எழுத்தில், தர்மசேன பத்திராஜாவின் இயக்கத்தில் 1977 இல் வெளிவந்த அப்படம், யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதியையும் சீதனத்தையும் ஆரவாரமின்றி நோக்கியது. தென்னிந்தியப் படங்களின் வேகத்துக்கும் பாட்டுக்கும் பழகிய இரசிகர்கள் படமாளிகை வாயிலில் வாய்மொழியாகவே தீர்ப்பு வழங்கினர். அதனை மறுத்து எழுத ஒரு வார ஏடும், எழுதினாலும் மீளத் திரையிட ஒரு விநியோகஸ்தரும் இருக்கவில்லை. ஈழத்துத் தமிழ்ச் சினிமா பற்றிப் பேசுவோர் பிற்காலத்தில் தவறாது எடுத்துக்காட்டும் படங்களுள் ஒன்றாக அது ஆயிற்று. அவ்வாறு எடுத்துக்காட்டத் தொடங்கிய வேளையில், அவர்தம் சொல்லைக் கேட்டு ரிக்கற் வாங்கச் செல்வதற்குப் படம் எந்தப் படமாளிகையிலும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.